தூங்கும் வாட்ச்மேன்

"ஏனுங்க டீச்சர், திருடறதுக்குச் சொல்லிக் குடுக்கிற கேமுதான் கெடச்சுதுங்களா பிள்ளைகளுக்கு?"

காப்பி எஸ்டேட் வேலை முடிந்து, மகளைக் கூட்டிப் போக வந்த கலா, நாகலூர் மாலை வகுப்பின் வாசலிலேயே வனிதா டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் புதிர் விளையாட்டைப் போன மாதம் டேப்லெட்டில் ஏற்றி வைத்ததே வனிதாதான்.

"நானே எட்டிப் பாத்தனுங்க. வாட்ச்மேன் தூங்குறாரு. அவரு இடுப்புச் சாவியை எடுத்தாத்தான் கேட்டு தொறக்குமாம். நொம்ப நல்லாத்தான் இருக்குது போங்க!"

"நான் விளையாடிப் பார்த்துட்டுச் சொல்றேங்க. ஆகாதுன்னா அழிச்சிடறேன்."

"பாருங்க. நான் வெளியதான் இருக்கறேன்."

அழிச்சிடறேன் என்றது பிள்ளைகளின் காதில் விழுந்துவிட்டது. பாயில் இருந்த அத்தனை முகமும் தொங்கிப் போயிற்று. மழைநாளுக்கு அவர்களுக்கென்று இருப்பது அந்த ஒரு விளையாட்டுதான்.

வனிதா மூலையில் போய் உட்கார்ந்தாள். திரையில் ஒரு பழைய பங்களா. பூட்டிய கேட். நாற்காலியில் வாட்ச்மேன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். சாவியைத் தொட்டாள். கேட் திறந்தது.

உள்ளே ஒரு படத்துக்குப் பின்னால் பெட்டி. பெட்டிக்குள் பாதி கிழிந்த வரைபடம். மீதி எங்கே இருக்கும்? ஒரு கதவு, இன்னொரு கதவு என்று போனவள், ஏற்காடு பஸ்ஸின் ஹாரன் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். அதற்குள் ஆறாவது கட்டம்!

கலா சொன்னது சரிதான், அழித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினாள். ஆனாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் மனசு கேட்கவில்லை. வகுப்பிலேயே சூட்டிகையான புவனாவைக் கூப்பிட்டாள்.

"இதுல நீ எத்தனாவது கட்டம் கண்ணு?"

"எல்லாருமே இன்னும் கேட்டுக்குக் கிட்டத்தானுங்க டீச்சர் நிக்கிறோம்."

"ஒரு மாசமாவா? சாவி எங்க இருக்குன்னே தெரியலையா?"

"தெரியுமுங்க. தொட்டா வந்துருது. எடுத்தமுன்னா காத்தால மொதலாளி வந்து அந்த மாமனை வேலையை விட்டு நிறுத்திருவாருங்களே! வாட்ச்மேனா இருந்த கலா அத்தை ஊட்டுக்காரரு சித்தன் மாமனை அப்படித்தானுங்க நிறுத்துனாங்க. அவரு கண்ணசந்தப்ப எவனோ சாவியை எடுத்து மொளகு மூட்டையைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

வனிதா டேப்லெட்டை மடியில் வைத்தாள்.

"அப்ப இத்தனை நாளா என்னதான் பண்ணுனீங்க?"

"எழுப்பிப் பாக்குறமுங்க!" புவனாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மணி அடிச்சோம். நாயைக் குரைக்க வெச்சோம். நேத்து லாந்தரை ஆட்டுனப்ப லேசாத் தலையைத் தூக்குனாருங்க. நாளைக்குக் கட்டாயம் எந்திரிச்சிருவாரு."

சொல்லிக்கொண்டே டேப்லெட்டை எட்டிப் பார்த்தவள் துள்ளினாள்.

"அட, ஆறாவது கட்டம்! எப்படிங்க டீச்சர் அவரை எழுப்புனீங்க? அவரே கேட்டைத் தொறந்து உட்டாருங்களா?"

வனிதாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாசல் பக்கம் திரும்பினால், அங்கே கலா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர்... அதை அழிக்காம பிள்ளைககிட்டயே குடுக்கலாமுங்களா?"

"தாராளமாக் குடுக்கலாமுங்க," என்றாள் வனிதா. "எங்கிட்டத்தான் குடுத்திருக்கக் கூடாது."