ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எங்காவது முன்னே பின்னே ஆகிவிட்டால் என்னைக் கெட்டவள் என்று நினைத்துவிடுவீர்கள். சரியாகச் சொன்னாலும் அப்படித்தான் நினைப்பீர்களோ என்னவோ.

எங்கள் வீடு பழசு. மாடியில் இரண்டு அறை. உள் அறையில் நாத்தனார், தெருப்பக்க அறையில் நான். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல்தான்.

மல்லாந்து படுத்தால் மர உத்தரங்கள் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரித் தெரியும். கண் அசந்தால் அந்தப் படகு மெதுவாக என்மேல் இறங்கும். போன மாதம் காரை உதிர்ந்து நிஜமாகவே தலையணையில் விழுந்தது.

சீலிங்காரரைக் கூப்பிட்டோம். உத்தரத்துக்குக் கீழே தகரச் சேனல் அடித்து, அதில் பலகை பூட்டி மூடிவிடலாம் என்றார். இரண்டு துண்டு கொண்டு வந்திருந்தார். முழங்காலில் வைத்து அழுத்திக் காட்டினார். மெலிசு லேசாக வளைந்தது. கனமானது அசையவில்லை.

“ரெண்டு ரூமுக்கும் கனமே போடுங்களேன்.”

“கடையில ஒரு ரூமுக்குத்தாம்மா இருக்கு. அடுத்த லோடு எப்ப வருமோ! உள் ரூம் உத்தரம் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. கனம் அங்க. உங்களுக்கு மெலிசு போதும்.”

“போதும்னா? விழாதில்ல?”

“விழாதும்மா.”

“நிச்சயமா?”

“நான் சீலிங் அடிக்கிறவன்மா. ஜோசியம் சொல்றவன் இல்ல.”

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ‘எனக்கெதுக்கு, அவளுக்கே போடு’ என்று ஒரு பேச்சுக்குக்கூட வாயைத் திறக்கவில்லை. பட்டாணிதான் திறந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் இரண்டு கட்டும் வந்தன. மாடிப்படியில் சாத்தி வைத்தார். ஒரே நீளம், ஒரே மினுக்கு; ஓரமெல்லாம் அட்டை சுற்றியிருந்ததால் தடிமனும் தெரியவில்லை.

“பார்த்தா எனக்கே வித்தியாசம் தெரியாது” என்று சாக்பீஸால் கோடு போட்டார். “ஒத்தைக் கோடு உள் ரூம். ரெட்டைக் கோடு தெரு ரூம். நாளைக்குப் பூட்டப்போறது என் ஆளுங்க. கோட்டைப் பார்த்துப் பூட்டிருவாங்க.”

அன்று மத்தியானம் வீடே தூக்கத்தில் மிதந்தது. நாத்தனார் அறைக்கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வெயிலில் தூசு நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. நடந்தேனா, நானும் நீந்தினேனா, தெரியவில்லை. படியில் நின்றிருந்தேன். கோடுகள் கொஞ்சம் கலைந்த மாதிரி இருந்தன. சாக்பீஸ் அங்கேயே கிடந்தது.

ஒற்றைக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று இழுத்தேன். இரட்டைக் கோட்டில் ஒன்றை எச்சில் விரலால் அழித்தேன். விரலைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு படகு இறங்கவில்லை.

ஆட்கள் வந்து கோட்டைப் பார்த்துப் பூட்டினார்கள். மூன்று நாளில் இரண்டு அறைக்கு மேலும் வெள்ளை மேகம் வந்து நின்றுவிட்டது.

நாலாம் நாள் டீ குடிக்கும்போது நாத்தனார் மெல்ல ஆரம்பித்தார்.

“நல்லாத் தூக்கம் வருதா?”

“வருது அண்ணி.”

“வராம என்ன? கனம் உன் தலைக்கு மேலதானே இருக்கு.”

பார்த்துவிட்டாரா?

“அது... எப்படி அண்ணி?”

“அந்த ஆள்கிட்ட உளறிடாதே. அன்னைக்கு அவர் படி இறங்கினதுமே கோட்டை மாத்திப் போட்டுட்டேன். கேட்டா அவர் ஒத்துக்க மாட்டார். உனக்குன்னு சொன்னா நீயும் வேண்டாம்பே. எனக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும். நீ ஒரு பயந்தாங்கொள்ளி. தம்பியும் பக்கத்துல இல்ல.”

அவர் எனக்காக மாற்றியதை, நான் எனக்காக மறுபடி மாற்றியிருக்கிறேன். கனம் பழையபடி அவர் அறைக்கே போய்விட்டது. என் தலைக்கு மேல் மெலிசு.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. டீயோடு விழுங்கிவிட்டேன்.

அன்றைக்கே என் கட்டிலை உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போய், நாத்தனார் கட்டிலோடு ஒட்டிப் போட்டுவிட்டேன்.

அதில் படுத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் நாத்தனார் போனில் தம்பியிடம் பேசுவது கேட்டது.

“உன் பொண்டாட்டி தங்கம்டா! என்னை மெலிசுக்குக் கீழ தனியா விட மனசு வராம, கட்டிலையே இழுத்துட்டு வந்துட்டா!”