பேனரில் வளர்ந்த கொம்பு

திருவிழாவுக்காகச் சந்தை முக்கில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். அதில் ஊர்க் காளையின் படம் இருந்தது. படத்தைத் தயார் செய்தவர் கம்ப்யூட்டரிலேயே அதன் கொம்பை இரண்டு மடங்கு நீட்டியிருந்தார்.

தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் காளை அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகும். கொஞ்ச நாளில், தொழுவத்துக்குள் நுழையும்போது தலையை ஒருக்களித்துச் சாய்த்துக்கொண்டு நுழைய ஆரம்பித்தது.

"என்னண்ணே, கழுத்து சுளுக்கா?" என்று கேட்டது வாசலில் படுத்திருந்த நாய்.

"நேரா வந்தா கொம்பு சுவத்துல இடிக்குமில்ல?"

நாய் கொம்பைப் பார்த்தது. "கொம்பு பழையபடிதானே இருக்கு?"

"நீ பேனரைப் பார்க்கலையா?"

"அந்தப் பேனர்க் கம்புலதான் தினம் காலைத் தூக்குறேன்."

"தூக்குறப்ப கொஞ்சம் மேலயும் பாரு."

ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியருகே வேற்றூர்க் காளை ஒன்று வழிமறித்தது. அதற்குக் குட்டைக் கொம்பு. அதற்கு யாரும் பேனர் வைத்ததில்லை. நம் காளை சீறிப் பாய்ந்து, இரண்டு முழம் தள்ளியே நின்று தலையை ஓங்கிச் சிலுப்பியது. பிறகு, எதிராளி சாய்ந்து விழட்டும் என்று காத்திருந்தது. எதிராளி விழவில்லை. நிதானமாகக் கிட்டே வந்து கழுத்தில் குத்தியது.

சாயங்காலம் காளை தள்ளாடியபடி வீடு திரும்பியது. கழுத்தில் ரத்தம் உறைந்திருந்தது. நாய் எழுந்து நின்று, வாசல் முழுவதையும் விட்டுக்கொடுத்தது.

"கழுத்தைச் சாய்ச்சா வலிக்கும். நேரா வாங்கண்ணே."

காளை பல்லைக் கடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து உள்ளே போனது.