கடைசி வரிசையிலிருந்து ஒரு சந்தேகம்

"மனசை ஒரே விஷயத்துல நிறுத்துங்க. வெற்றியும் சந்தோஷமும் தானாத் தேடி வரும்!"

பயிற்சியாளர் முடித்ததும் அரங்கம் கைதட்டியது. இருட்டாயிருந்த கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. வீட்டுக்காரர்கிட்ட ஒரு வாரமாச் சொல்லிப் பாக்குறேன், காதுலயே வாங்க மாட்டேங்கிறார். சுவத்துக்கிட்ட பேசுற மாதிரிதான் இருக்கு. போகட்டுமா, வேண்டாமா?"

"நல்லதையே நினைச்சுத் தைரியமாக் கிளம்புங்கம்மா! பொண்டாட்டி பேச்சைக் கவனிக்காதவனெல்லாம் ஒரு மனுஷனா?"

அரங்கம் சிரித்தது. அவள் நடந்து மேடை வெளிச்சத்துக்கு வந்தாள். பயிற்சியாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீயா?"

"என் குரல்கூடத் தெரியலையாங்க?" என்றாள் அவருடைய மனைவி. "நீங்களே சொல்லிட்டீங்க, நாளைக்குக் காலையில கிளம்புறேன். சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துடுறேன்."