பாகற்காய்ப் பக்கம் அச்சேறியது

விக்கிப் பக்கங்களைத் தாளில் அச்சிடத் தோதாக மாற்றித் தரும் கருவி ஒன்று இருந்தது. யார் கேட்டாலும் இலவசம்தான். அது மாற்றித் தந்த முருங்கைக்காய்ப் பக்கத்தை நூலகச் சுவரில் ஒட்டினார்கள். பாகற்காய்ப் பக்கத்துக்கு வயிறு எரிந்தது.

"என்னையும் அச்சாக்குங்க அண்ணே. அவளைவிட எனக்கு ஆறு வரி கூடுதல்."

"இப்ப வேண்டாம் தங்கச்சி. எவனோ உன்மேல 'பாகற்காய் தேனா இனிக்கும்'னு விளையாட்டுக்கு எழுதிட்டுப் போயிருக்கான். திருத்த ஆள் வரும், பொறு."

"நான் நாலு பேர் கண்ணில் பட்டா உங்களுக்குப் பொறுக்காதே."

கருவி அந்த வரியோடு அப்படியே மாற்றித் தந்தது. அந்தத் தாளும் முருங்கைக்குப் பக்கத்திலேயே ஏறியது. படித்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் எதிரே கணினித் திரையில் அதே பாகற்காய்ப் பக்கம், 'கசக்கும்' என்று திருத்தப்பட்டு நின்றது. சுவரில் இருந்த பாகற்காய்த் தாள் அதையே வெறித்துப் பார்த்தது.

"திரையில நிக்கிறவளுக்கென்ன, கொடுத்துவச்சவ."