சுண்டுவிரல்

என் மகள் நித்திலாவுக்கு ஐந்து வயதிலும் தத்தக்கா பித்தக்கா நடைதான். அவளைப் பழக்க, என் மனைவி தேன்மலர் கூடத்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். பிள்ளை தள்ளாடும்போதெல்லாம் இடுப்பைப் பிடிப்பாள். முதலில் சுண்டுவிரல் அழுந்தும், பிறகுதான் மற்ற விரல்கள். நித்திலா இடுப்பில் கட்டியிருந்த மின் பயிற்சிப் பட்டை அந்தப் பிடியைக் கற்றுக்கொண்டது. தேன்மலர் இறந்த பிறகும் அப்படியே பிடித்தது.

தொடர்ந்து பத்து நாள் பிள்ளை தடுமாறாவிட்டால், பட்டை அந்தப் பிடியை மறந்துவிடும். ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவள் நேராக நடப்பதைப் பார்த்து என்னால் மகிழ முடியவில்லை.

பத்தாம் நாள் காலை அவள் பல் துலக்கப் போனதும், நாடா சேர்த்து நீளமாக்கிப் பட்டையை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். கோட்டின்மேல் ஒற்றைக்காலில் நின்று, கண்ணை மூடிச் சாய்ந்தேன். எதுவும் பிடிக்கவில்லை. தொப்பென்று விழுந்தேன்.

வாயில் நுரையோடு ஓடிவந்த நித்திலா சிரித்தாள்.

“ஐயோ அப்பா! பொய்யா விழுந்தா அம்மா பிடிக்க மாட்டாங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நான் தெனமும் விழுந்து பாத்தேனே.”

அவளே பட்டையை அவிழ்த்துக் கீழே வைத்தாள்.

“எந்திரிப்பா. மறுபடி நில்லு.”

நின்றேன். இம்முறை கால் உண்மையாகவே நடுங்கியது. அவள் கை என் இடுப்பைப் பிடித்தது. முதலில் சுண்டுவிரல் அழுந்தியது.