திருத்தம்

"முதல்ல ஆளு, அப்புறம் வினை, கடைசியில பொருள். 'ஐ வான்ட் டீ.' எங்கே, சொல்லு சியெனி!"

தாவிதா மறுபடியும் ஆரம்பித்தான். மனைவி பேசாமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"பாவம், அவங்களைப் படுத்தாதீங்க அண்ணே!" என்றாள், சேப்பங்கிழங்கு கொண்டுவந்த பக்கத்து வீட்டு லோசா.

"அவ சளைக்க மாட்டா லோசா. ஷீ டோன்ட் கிவ் அப்!" தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பெருமையடித்தான் தாவிதா.

"டஸன்ட்!"

சியெனிதான்! தாவிதா திகைத்து நின்றான். பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை அது. ஆப்பியா நகரத்தில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்த வாய், மறுபடி திறந்துவிட்டது.

அவள் கைகளை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்! திட்டுங்க டீச்சரம்மா, இன்னும் நல்லா திட்டுங்க!"