பெடலைக் காணோம்

“அப்பா, பெடல் எங்கே?”

கேட்டவள் மகள். பல்கலைக்கழகத்தில் ஒரு பேச்சுப் போட்டியையும் விட்டுவைக்காதவள்.

மெத்தைக் கடை வைத்திருக்கும் அப்பா நிமிரவில்லை. அவளுடைய தலையணையில் பிரிந்திருந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“எந்தப் பெடல்?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. அம்மா ஆசைப்பட்டு வாங்கின டிரம் செட்ல, காலால மிதிச்சா பெரிய டிரம்மை அடிக்குமே, அந்தப் பெடல். முதல்ல அதுல ஜல்லுன்னு சத்தம் போடற பெரிய தட்டு காணாமப் போச்சு. அப்புறம் ஜோடித் தட்டு. இன்னிக்கு இது. ஒவ்வொண்ணா கடத்தறீங்க, இல்ல?”

“பத்திரமா இருக்கும்மா.”

“இந்த வயசுல அம்மா டிரம் அடிச்சா நாலு பேர் சிரிப்பாங்கன்னு பயம். அதானே?”

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “ஏய், அது வந்து...”

“நீ சும்மா இரும்மா! உன் சுதந்திரத்துக்காகத்தான் பேசிக்கிட்டிருக்கேன்.”

அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மறுநாள் வகுப்பு முடிந்து வந்தால், பெரிய டிரம், சின்ன டிரம்கள், உட்காரும் ஸ்டூல், எதுவுமே இல்லை. அம்மாவையும் காணோம்.

வித்தே விட்டாரா?

வழியெல்லாம் கேள்விகளை அடுக்கிக்கொண்டே கடைக்கு ஓடினாள். கல்லாவில் அப்பா இல்லை. பின்பக்கக் கிடங்கின் கதவைத் தள்ளினாள்.

டமார்!

நாலு சுவரும் தெரியாதபடி மெத்தைகள். நடுவில் ஸ்டூலில் அம்மா. கால் பெடலில், கைகளில் குச்சி, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும். தாளம் தப்பத் தப்ப அப்பா தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

“கதவைச் சாத்தும்மா. சாத்திட்டா பக்கத்துக் கடைக்குக்கூடக் கேக்காது.”

விடுவாளா அவள்! “ஏன் இப்படி ஒளிஞ்சு அடிக்கணும்? வீட்டுல அடிச்சா என்ன? யாருக்குப்பா பயப்படறீங்க?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“உனக்குத்தான்டி. நான் அடிக்க ஆரம்பிச்சாலே நீ தலையணைப் பஞ்சைப் பிய்ச்சுக் காதுல அடைச்சுக்கிட்டுத்தானே பரீட்சைக்குப் படிக்கறே!”